பழைய வாளில் அரபு எழுத்து: யாரிடம் காட்டிப் படிப்பது?

வீட்டில் வழிவழியாக வந்த வாள் ஒன்று இருக்கலாம். அல்லது பழம்பொருள் கடையில் ஒரு குத்துவாளையோ வெடிமருந்துக் குப்பியையோ வாங்கியிருக்கலாம். அலகிலோ பிடியிலோ பொன்னிறத்தில், பாதி தேய்ந்த அரபு எழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு வழிகள் பல. எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு நாமே முயலலாம். பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டலாம். பாரசீகமோ உஸ்மானிய (ஒட்டோமான்) காலத் துருக்கியோ படித்த ஒருவரைத் தேடிப் போகலாம். கைபேசிச் செயலிக்குப் படத்தைக் கொடுக்கலாம். அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் இதே மாதிரிப் பொருளைத் தேடி ஒப்பிடலாம். வியாபாரியிடமோ ஏல நிறுவனத்திடமோ கேட்கலாம்.

இந்தப் பொறிப்புகளை நீண்ட நாளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த மொழி என்று கேளுங்கள். அரபு எழுத்து என்றாலே அரபு மொழிதான் என்று எடுத்துக்கொண்டு, நல்ல அறிஞர் ஒருவரிடமே போய், அவருக்குத் தெரியாத மொழியை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். அவரும் மரியாதைக்காக ஏதோ சொல்லி அனுப்புவார். அந்த விளக்கம் பிறகு குடும்பக் கதையாகவே நிலைத்துவிடும்.

எழுத்து ஒன்று, மொழி பல

பாரசீகம், உஸ்மானியத் துருக்கி, உருது, பஷ்தூ, சிந்தி, மலாய் எல்லாமே அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழையே அந்த எழுத்தில் எழுதினார்கள்; அர்வி என்கிறோம். ஆகவே பொருள் எந்தப் பக்கத்துப் பட்டறையில் உருவானது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பிடியின் நுனி இரண்டு காதுகள் போல விரிந்து, அலகு உட்பக்கமாக வளைந்திருந்தால் அது யத்தகான். உஸ்மானியப் பேரரசின் பொருள். அலகில் வெள்ளி பதித்து எழுதியிருக்கும் வரிகள் பெரும்பாலும் துருக்கி மொழி. ஒடுங்கி, நன்றாக வளைந்த அலகில் பிடிக்குப் பக்கமாக நீள்வட்டச் சட்டத்துக்குள் பொன்னெழுத்து இருந்தால் அது ஈரானிய ஷம்ஷீர், பாரசீகம். பிடியின் தலையில் தட்டு வைத்த தல்வார் இந்தியாவுடையது. அதிலும் பாரசீகத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். முகலாயர், கோல்கொண்டா, ஹைதராபாத், மைசூர், நம் ஆற்காடு நவாபு என எல்லா அரசவைகளிலும் எழுத்து வேலை நடந்த மொழி அதுதான். மொராக்கோவின் கும்மியா குத்துவாள் என்றால் மொழி அரபுதான். ஆனால் எழுத்து மக்ரிபி பாணி: அங்கே ஃபா எழுத்துக்குப் புள்ளி கீழே, காஃப் எழுத்துக்கு மேலே ஒரே ஒரு புள்ளி. கிழக்கத்திய அரபு மட்டும் படித்தவர் இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவார். மலாய்க் கிரிஸ் குத்துவாள் என்றால் ஜாவி எனப்படும் மலாய் வழக்கு அரபு எழுத்து, மலாய் மொழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த ஊர் ஆயுதமாக இருந்தாலும் வேத வசனமும் துஆவும் (இறைவேண்டலும்) அரபியில்தான் இருக்கும். செய்தவர் பெயர், உடையவர் பெயர், யார் சொல்லிச் செய்தது என்பதெல்லாம் அந்த ஊர் மொழியில் இருக்கும். ஒரே அலகில் இரண்டு மொழி என்பது ரொம்பச் சாதாரணம். வசனத்தை ஒருவர் சரியாகப் படித்துச் சொன்னதும் வேலை முடிந்தது என்று திரும்பி வந்துவிட்டால், அந்த வாளின் சொந்தக் கதை படிக்காமலேயே கிடக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘அசதுல்லாஹ்’ என்ற ஒரு சொல் போதும். இறைவனின் சிங்கம் என்பது பொருள். நபிகள் நாயகத்தின் மருமகன் ஹஸ்ரத் அலியின் பட்டப் பெயர். திப்பு சுல்தானின் பொருள்களில் ‘அசதுல்லாஹில் காலிப்’, அதாவது வெற்றிகொள்ளும் இறைச்சிங்கம், என்ற தொடரைப் புலி முக வடிவத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே அது அலியைக் குறிக்கிறது. ஈரானிய ஷம்ஷீரில் அதே சொல் வந்தால் இஸ்ஃபஹான் கொல்லர் ஒருவரின் பெயராக இருக்கலாம்: ‘அமலே அசதுல்லாஹ் இஸ்ஃபஹானி’, இஸ்ஃபஹான்காரர் அசதுல்லாஹ்வின் கைவேலை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது முன்னால் நிற்கும் ‘அமல்’ என்ற சின்னச் சொல். ஐன், மீம், லாம் என்று மூன்றே எழுத்து. சட்டத்தின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அது தேய்ந்து போயிருந்தால், பக்கத்தில் ‘இஸ்ஃபஹானி’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரபி மட்டும் தெரிந்தவர் உடனே துஆ என்பார். வியாபாரி உடனே புகழ்பெற்ற கொல்லர் என்பார்.

யாரிடம் போனாலும் முதலில் படம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கையில் நல்ல படம் இல்லாவிட்டால் பயனில்லை. நேராக ஃபிளாஷ் போட்டு எடுத்தால் உலோகம் பளபளத்து எழுத்தே தெரியாது. அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை அலகோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். டார்ச்சை இடம் மாற்றி மாற்றி நாலு பக்கமும் எடுக்க வேண்டும். ஒரு கோணத்தில் மறையும் கோடு இன்னொரு கோணத்தில் தெரியும்.

இந்தியப் பொருள்களில் இந்தப் பக்க வெளிச்சம் செய்யும் உதவி பெரிது. கோஃப்த்காரி வேலையில் எஃகின் மேல் மெல்லிய குறுக்குக் கீறல்கள் போட்டு, அதன் மேல் பொன் கம்பியையோ தகட்டையோ அடித்து ஒட்டுவார்கள். பொன் உதிர்ந்துபோன இடத்திலும் அந்தக் கீறல்கள் அப்படியே இருக்கும். கண்ணுக்கு வெறும் எஃகாகத் தெரியும் இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் முழுச் சொல் ஒன்று தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பித்தளை பாலிஷ், புளி, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பொன்னும் போகும், கீறலும் போகும். ஆழமாகச் செதுக்கிய எழுத்து என்றால் மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. கைபேசியின் முன்பக்கக் கேமரா சில சமயம் படத்தை இடம் வலமாகத் திருப்பிச் சேமித்துவிடும். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். முத்திரை மோதிரம் என்றால் நிலைமை நேர்மாறு. பதித்தால் நேராக வரவேண்டும் என்பதற்காக அதிலேயே எழுத்தைத் திருப்பித்தான் வெட்டியிருப்பார்கள். அந்தப் படத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நாமே படிப்பது: எதிர்பார்ப்பதைவிடத் தூரம் போகலாம்

இந்த வழியைப் பலர் முயலாமலேயே விட்டுவிடுகிறார்கள். முழுதாகப் படிக்க வராது, சரி. ஆனால் ஆயுதப் பொறிப்புகளில் புதிய வாசகங்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள் அதிகம். ஒரு பத்துத் தொடரின் உருவம் கண்ணுக்குப் பழகிவிட்டால், எது வழக்கமானது, எது அபூர்வமானது என்று பிரிக்க முடியும். அப்படிப் பிரிப்பதுதான் நாம் செய்யவேண்டிய வேலை.

எல்லாவற்றிலும் அதிகம் கண்ணில் படுவது குர்ஆனின் 61-ஆம் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தில் வரும் ‘நஸ்ருன் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்’: இறைவனிடமிருந்து உதவியும், நெருங்கி வரும் வெற்றியும். 48-ஆம் அத்தியாயத்தின் முதல் வசனமும் வெற்றியைப் பற்றியது. அதுவும் நிறைய உண்டு. ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் கவசங்களில் வரும். ‘லா ஃபதா இல்லா அலி, லா சைஃப இல்லா துல்ஃபிகார்’, அலியைப் போல் வீரன் இல்லை, அவருடைய வாளான துல்ஃபிகாரைப் போல் வாள் இல்லை, என்ற வரி துருக்கியிலிருந்து இந்தியா வரை எங்கும் உண்டு. இந்த வரியைப் பார்த்ததும் உடையவர் ஷியா என்று முடிவு கட்ட வேண்டாம். சன்னி அரசான உஸ்மானியப் பேரரசின் ஜானிசரிப் படைவீரர்களின் யத்தகான்களிலும் இதே வரி இருக்கிறது.

சொல் எதுவும் இல்லாமல், நாலு கட்டம் போட்ட ஒரு சிறிய சதுரம் சில ஷம்ஷீர் அலகுகளில் இருக்கும். கட்டத்துக்கு ஓர் எழுத்து: பே, தால், வாவ், ஹே. சேர்த்துப் படித்தால் ‘புதூஹ்’. அகராதியில் தேடிப் பலர் களைத்துப் போவார்கள். அப்ஜத் முறையில் அந்த எழுத்துகளுக்கு உரிய எண்கள் 2, 4, 6, 8. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும் மூன்றுக்கு மூன்று மாயச் சதுரத்தின் நாலு மூலைகளிலும் நிற்கும் எண்கள் இவைதாம். காவலுக்காகப் போட்ட தாயத்து எழுத்து அது. இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் போகத் தேவையில்லை.

அடுத்து, ஆண்டு. இதை நீங்களே படித்துவிடலாம், படிக்கவும் வேண்டும். எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண் இடமிருந்து வலமாகத்தான். வட்டம் போட்டிருந்தால் அது ஐந்து. வெறும் புள்ளிதான் சுழியம். ஆங்கில V போல மேலே விரிந்தது ஏழு, அதைக் கவிழ்த்தது எட்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் தலையில் ஒரு வளைவுதான் வித்தியாசம், தேய்ந்தால் தெரியாது. பாரசீகத்தில் நாலு, ஐந்து, ஆறு மூன்றின் உருவமும் கொஞ்சம் மாறும். ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர) ஆண்டு கிடைத்ததும் அதை 33-ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்தே கழித்து, 622-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1220 என்று இருந்தால், வகுத்தால் 37, கழித்தால் 1183, கூட்டினால் 1805. உஸ்மானியப் பொருளில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்; முதலில் வரும் ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் அங்கே இருந்தது.

ஆனால் எந்தக் கணக்கு என்று தெரியாமல் இந்தச் சூத்திரத்தைப் போடக் கூடாது. 1310 என்ற ஒரே எண், சந்திர ஹிஜ்ரியில் 1892. உஸ்மானிய அரசு 1840 முதல் பயன்படுத்திய ரூமி கணக்கில் 1894. ஈரான் 1925-இல் ஏற்ற சூரியக் கணக்கில் 1931. திப்பு சுல்தான் இன்னும் ஒரு படி மேலே. அவர் மவ்லூதி என்ற தனி ஆண்டுக் கணக்கே தொடங்கினார். அவருடைய நாணயங்களில் அந்த எண்கள் வலமிருந்து இடமாக இருக்கும். மவ்லூதி 1222-ஐ ஹிஜ்ரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 1807 வரும். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது 1799 மே 4. மைசூர்த் துப்பாக்கி ஒன்றைப் போலி என்று தள்ளிவிட இந்த ஒரு கணக்கே போதும். உண்மையில் அது 1790-களின் முதல் பாதியைச் சேர்ந்த பொருளாக இருக்கும்.

ஹஜ்ரத்தா, பேராசிரியரா?

உண்மையான போட்டி இந்த இருவருக்கும் நடுவில்தான்.

ஹஜ்ரத்திடம் போவதில் இருக்கும் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஹாஃபிளுக்கு முழு வரி தேவையில்லை. நடுவில் இரண்டு சொல் தெரிந்தால் போதும், முன்னும் பின்னும் அவரே சொல்லிவிடுவார். உலோகத்தில் எழுதுகிறவர்கள் புள்ளிகளை விட்டுவிடுவார்கள், அல்லது இடம் இருக்கிற இடத்தில் வைப்பார்கள். உயிர்க்குறிகளை வெற்றிடம் நிரப்ப இறைத்திருப்பார்கள். சொற்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கீழிருந்து மேலாகப் படிக்கும்படி வைத்திருப்பார்கள். அட்டவணையை வைத்து எழுத்துக் கூட்டுகிறவரை இதெல்லாம் திணறடிக்கும். வசனம் நெஞ்சிலேயே இருப்பவரை ஒன்றும் செய்யாது. செலவும் இல்லை, பெரும்பாலும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். வேத வசனம் உள்ள பொருள் என்பதால் தரையில் வைக்காமல், சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுபோவது மரியாதை. தொழுகை நேரம் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வாளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் நுழைவதைவிடப் படங்களைக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

தமிழ்நாட்டிலேயே எந்த ஊர் ஹஜ்ரத் என்பதும் கணக்கில் வரும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் அரபியிலும் அர்வியிலும் ஆழம் அதிகம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை திருவல்லிக்கேணிப் பக்கம் உருது வீட்டு மொழியாக இருப்பவர்கள் நிறையப் பேர். உருதுவைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, சாய்ந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்து புதிதல்ல. பழைய மதரஸா படிப்பில் பாரசீகமும் சேர்ந்தே இருந்ததால், வயதான ஹஜ்ரத்கள் சிலருக்கு அதுவும் வரும். தல்வாரில் வசனம் அல்லாத வரி ஏதாவது இருந்தால் நான் முதலில் இவர்களைத்தான் தேடுவேன்.

ஹஜ்ரத்தின் எல்லையும் இங்கேதான். ‘பந்தயே ஷாஹே விலாயத் அப்பாஸ்’ என்று ஷம்ஷீர் சட்டங்களில் வரும் வாசகத்தில் பாதிச் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. ஆனால் கோத்திருக்கும் விதம் பாரசீகம். விலாயத்தின் மன்னரான அலிக்கு அடிமை அப்பாஸ் என்பது பொருள். ஈரானிய மன்னர் ஷா அப்பாஸ் தன்னைக் குறித்துக்கொண்ட விதம். அரபி இலக்கணத்தை வைத்து இதைப் பிரித்தால் யாரோ ஓர் அடிமை செய்த வாள் என்ற அளவுக்குப் போய்விடலாம். ‘ஃபர்மாயிஷ்’ என்று இருந்தால் இன்னார் சொல்லிச் செய்தது. ‘சாஹிப்’ என்று இருந்தால் உடையவர். இந்த வழக்கமான சொல்லாட்சிகளெல்லாம் ஆவணங்களையும் முத்திரைகளையும் படித்துப் பழகிய பாரசீகக்காரருக்குத்தான் உடனே பிடிபடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுவுக்கென்று துறை இருக்கிறது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாரசீக, அரபுச் சுவடிகள் உண்டு. இந்த மாதிரி இடங்களில் பதில் வர நாளாகும். எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். ஆனாலும் பெயரும் ஆண்டும் உள்ள பொறிப்புக்குக் காத்திருப்பதே சரி. துருக்கி வரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். துருக்கி 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. இஸ்தான்புல்லில் தெரிந்த நண்பர் இருக்கிறார் என்று படத்தை அனுப்பினால், அவர் தன் தாய்மொழியையே படிக்க முடியாமல் திணறுவார். உஸ்மானிய வரலாறோ பழைய இலக்கியமோ படித்தவரைத்தான் தேட வேண்டும். ஈரானிய நண்பர் விஷயம் வேறு. அவர் இன்றைக்கும் அதே எழுத்தில்தான் படிக்கிறார், எழுதுகிறார்.

செயலி, அருங்காட்சியகம், வியாபாரி

கைபேசிச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் அச்சு எழுத்தை நன்றாகவே படிக்கின்றன. உலோகத்தில் அடுக்கி எழுதிய, பாதி உதிர்ந்த எழுத்தில் அவை ஊகத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஊகிக்கும்போது எங்கும் அதிகம் வரும் தொடர்களைத்தான் எடுத்து வைக்கும். அதனால் ஆள் பெயர் இருக்கும் இடத்தில் அழகான ஒரு துஆ வந்து நிற்கும். தெரியவில்லை என்று சொல்லாமல் முழு நம்பிக்கையோடு சொல்வதுதான் ஆபத்து. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அதே பொறிப்பை வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படத்தை, முதல் விடையைச் சொல்லாமல் கொடுங்கள். வேறு விடை வந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். எனக்கு இது பயன்படுவது ஒரே இடத்தில்: ஒரு சொல்லை நானே ஊகித்த பிறகு, அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவதற்கு.

அருங்காட்சியக ஒப்பீடு மெதுவான வழி. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் வாலஸ் சேகரிப்பு, லீட்ஸின் ராயல் ஆர்மரீஸ் போன்றவற்றின் இணையப் பக்கங்களில் ஏராளமான ஆயுதங்கள் இருக்கின்றன. பலவற்றுக்குப் பொறிப்பின் வாசிப்பும் மொழிபெயர்ப்பும் கூடவே கிடைக்கும். உங்கள் பொருளின் வாசகத்தை அப்படியே அங்கே காண வாய்ப்பு உண்டு. அதைவிட முக்கியம், படித்ததை நம்பலாமா என்பதை வேறு எந்த வழியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அசதுல்லாஹ் கையெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொல்லர் ஷா அப்பாஸ் காலத்தவர் என்பார்கள்; ஷா அப்பாஸ் இறந்தது 1629-இல். அந்தக் கையெழுத்தோ 19-ஆம் நூற்றாண்டு வரை வெட்டப்பட்ட அலகுகளில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு மனிதரின் ஆயுளில் அடங்காத எண்ணிக்கை. அது ஒரு தர முத்திரை போல ஆகிவிட்டது. சரியாகப் படித்தவர் சரியாகத்தான் படித்தார். ஆனால் அந்த வாள் அவர் கையால் ஆனது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பொறிப்பும் பொருளும் வெவ்வேறு ஊரைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். எகிப்தில் மம்லூக் ஆட்சியில் அலெக்ஸாந்திரியா ஆயுதக் கிடங்கில் சேர்க்கப்பட்ட ஐரோப்பிய வாள்கள் பல இன்றைக்கு டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. நேரான சிலுவைப் பிடி, ஐரோப்பிய அலகு, மேலே கிடங்கில் சேர்த்த விவரம் அரபியில். நம் பக்கம் ராஜஸ்தானின் பீகானேர் அரண்மனை ஆயுதங்கள் இதற்கு மறுபக்கம். 1689-இல் ஆதோனிக் கோட்டையிலிருந்து வந்த தக்காணத்து ஆயுதங்களின் பிடிகளில் தேவநாகரியில் புள்ளி புள்ளியாகக் கொத்திய கணக்கு இருக்கிறது. அரபு எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் பிடியின் உட்பக்கத்தில் இருக்கும் இந்தப் புள்ளிகளைத் தவறவிடுவார். வாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்வது அதுதான்.

வியாபாரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்கிறவரின் வாசிப்பு விலையோடு சேர்ந்தே வரும். பெரிய ஏல நிறுவனங்கள் மொழி தெரிந்தவர்களை வைத்து ஒழுங்காகப் படிக்கின்றன. அவர்களின் பழைய விற்பனைப் பட்டியல்களை இலவசமாகப் பார்க்கலாம், ஒப்பிட நல்ல துணை. 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் விற்ற திப்புவின் படுக்கையறை வாளில் ‘ஷம்ஷீரே மலிக்’, அரசனின் வாள், என்று இருப்பதை அப்படித்தான் எல்லாரும் படித்தோம். ஆனால் விற்கும் எண்ணம் இல்லாத ஒருவருக்கு அவர்கள் நேரம் ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்தப் பொருளுக்கு எந்த வழி

வரி முழுதும் வசனம் போலத் தெரிந்தால் ஹஜ்ரத் போதும். வேறெங்கும் போகத் தேவையில்லை. வசனத்தோடு சின்னச் சட்டம் ஒன்று தனியாக இருந்தால், வசனத்தை அவரிடமும் சட்டத்தைப் பாரசீகம் தெரிந்தவரிடமும் கேளுங்கள். யத்தகான் என்றால் ஆண்டை நீங்களே படித்துவிட்டு, வரிகளுக்கு உஸ்மானியத் துருக்கி தெரிந்தவரைத் தேடுங்கள். மலாய்ப் பொருளுக்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் மூலம் ஜாவி படித்த ஒருவரைப் பிடிப்பது எளிது. எந்தச் சொல்லும் பிடிபடாமல், ஒரே மாதிரிக் கோடுகள் உடம்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் ஒருவேளை படிக்க எதுவுமே இருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் ஈரானில் ஐரோப்பியர்களுக்கு விற்கவென்று செய்த தலைக்கவசம், கேடயங்கள் பலவற்றில் அமிலத்தால் அரித்த எழுத்து வெறும் அலங்காரம். சூடானில் மஹ்தி படைக் காலத்து ஆயுதங்களிலும் உடம்பெல்லாம் எழுத்து இருக்கும்; அதில் சில சொற்கள் படிக்கும்படி இருக்கும், மற்றவை உருவம் மட்டும். அப்படிப்பட்ட பொருளுக்காக நாலு பேரை அலைக்கழிக்க வேண்டாம்.

நிபுணர் வெளிநாட்டில் இருந்தால் படம் மட்டும்தான் போக வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்களை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. படங்களோடு பொருளின் முழு நீளம், பொறிப்பு எந்தப் பக்கம் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் அளவு என்ன, படம் திருப்பப்பட்டதா இல்லையா என்பதையெல்லாம் எழுதுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு வாசிப்பு இருந்தால், அது ஹஜ்ரத் சொன்னதோ செயலி சொன்னதோ, அதை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் அவர் கண்ணும் அதையே தேடும். அவர் விடை வந்த பிறகு அடுத்த கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.